வளைந்த தூண்களும் வானுயர்ந்த கோபுரமும்

ஒருமுறை கண்ட ஊரை மீண்டுங் காண்பதிற் பயன் யாது என வினவுவார் உளர். நல்ல நூலொன்றை இருமுறை கற்றவர்க்கு இவ்வினா எழாது. முதற் படிப்பிற் கதையே மனத்தில் நிற்கும். மறுபடிப்பிலேதான் சொல்லின் நுட்பம் புலப்படும். ஊர்களின் இயல்பும் அத்தகையதே.

இங்கிலாந்தின் தென்பாகத்திலுள்ள சால்ஸ்பரி நகரை நானும் என் துணைவியாரும் முதன்முதற் கண்டது 2012-ம் ஆண்டில், மைத்துனர் இல்லத்துக்கு விருந்தினராய்ச் சென்றபோதாகும். எமது மணவாழ்வின் முப்பதாம் ஆண்டு நிறைவினை முன்னிட்டு 2024-ல் மறுபடியும் அங்கே சென்றோம்.

சால்ஸ்பரி ஒரு பேராலயத்தாற் பிறந்த நகரம். முன்னர் அவ்வாலயம் இரண்டு மைல் வடக்கேயுள்ள ஓல்ட் சேரம் என்னும் குன்றின்மேல் இருந்தது. கடுங்காற்றும் நீர்க்குறையும் ஆங்குறைந்த குருமாரை வருத்தின. கோட்டைப் படைவீரரோடு பிணக்கும் ஓயவில்லை. ஆதலின் ரிச்சர்ட் பூவர் என்னும் ஆயர் காலத்திற் குன்றினை விட்டிறங்கி, ஏவன் ஆற்றையடுத்த சமவெளியில் 1220-ல் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினர். 1258-ல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. ஆலயத்தை அணைந்து நகரும் வளர்ந்தது. பழைய ஆலயத்தின் கற்கள் புதிய ஆலய வளவின் மதிலுக்குப் பயன்பட்டன.

இன்று காண்போர் வியக்கும் 404 அடி உயரக் கூர்ங்கோபுரம் பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலெழுப்பப்பட்டது. பிரித்தானியாவில் அதனினும் உயர்ந்த ஆலயக் கோபுரம் வேறில்லை. ஆனால் அடித்தளமோ சரளை நிலத்தில் ஏறக்குறைய நாலடி ஆழமே உடையது. பின்னர் வந்த சுமை சுமார் 6,500 தொன் என்பர். முன்னைக் கட்டடம் இப்பாரத்தைக் கருதி அமைந்ததன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் தாங்கு வளைவுகள் அமைக்கப்பட்டன. 1668-ல் ஆராய வந்த கட்டடக் கலைஞர் கிறிஸ்தோபர் ரென், கோபுரம் ஏறக்குறைய இரண்டரை அடி சாய்ந்திருத்தலைக் கண்டு இரும்புக் கட்டுகளால் வலுப்படுத்தச் செய்தார்.

முதற் பயணத்தில் யாம் அண்ணாந்தே நின்றோம். 1215-ம் ஆண்டின் மக்னா காட்டாப் பட்டயத்தையும், முகமும் முள்ளுமின்றி மணி மட்டும் ஒலிக்கும் பழைய கடிகாரத்தையும் தேடித் தேடிக் கண்டோம். இம்முறை துணைவியாருக்கு முழங்கால் நோ. கோபுரத்தின் கீழே, நடுக்கூடத்தில் ஒரு கதிரையில் அமர்ந்துவிட்டார். சிறிது பொழுதில் என்னை அழைத்து, “இஞ்சருங்கோ, இந்தத் தூணைப் பாருங்கோ. வளைஞ்செல்லோ போச்சுது! இவ்வளவு பாரத்தையும் ஏத்திப்போட்டினம், அது ஒண்டும் சொல்லாமல் நிக்குது” என்றார்.

உற்று நோக்கினேன். கோபுரந் தாங்கும் நான்கு பெருந்தூண்களும் சுமையால் வளைந்திருத்தல் கண்ணுக்கு நன்கு புலனாயிற்று. உடன் வேறொன்றும் நினைவில் எழுந்தது. மணமுடித்த மறு ஆண்டில், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது, மழையிற் கைக்குழந்தையோடு நாவற்குழிப் பாலத்தை நடந்து கடந்தவர் அவர். அந்நாளைப் பற்றி இன்றுவரை அவர் முறையிட்டதை யான் கேட்டதில்லை.

தூண்கள் தாமே நிற்பதாய்க் கொள்ளுதலும் பொருந்தாது. 1986-ல் தொடங்கிய பெருந்திருத்தப்பணி முப்பதாண்டுகளுக்கு மேல் நிகழ்ந்தது. ஆலயத்தின் சொந்தக் கற்தச்சர் சிதைந்த கற்களை ஒவ்வொன்றாய் மாற்றினர். கட்டி முடிக்கச் சென்ற முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ நிகரான காலம் பேணுதற்கும் சென்றது. 2012-ல் யாம் கண்ட சாரம் இப்பொழுது அவிழ்க்கப்பட்டிருந்தது.

கோபுரத்தின் உயரத்தை நூல்கள் யாவும் கூறும். அதனைத் தாங்குவார் யார் என்பதை அறிய, அதன் அடியிற் சிறிது நேரம் அமர்ந்திருத்தல் வேண்டும். மறுமுறை செல்வோர்க்கு வாய்க்கும் பேறு அதுவே.