கடற்சாமந்தியில் வாழும் கோமாளி மீன்

அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப் பாறைகளில் எண்ணற்ற வண்ண மீன்கள் வாழ்கின்றன. அவற்றுள் உலகப் புகழ் பெற்றது கோமாளி மீன். ஆரஞ்சு நிற உடலும், அதன் குறுக்கே செல்லும் மூன்று வெண் பட்டைகளும் இதன் அடையாளங்களாகும். நீளம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டருக்கு மேற்படுவதில்லை. பிரெஞ்சு இயற்கை அறிஞர் ஜார்ஜ் கூவியே 1830இல் இதனை விவரித்து, ஆம்பிபிரியான் ஓசெல்லாரிஸ் எனப் பெயரிட்டார். 2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்னும் அமெரிக்கத் திரைப்படம் இதைச் சிறுவர்களுக்கும் அறிமுகப்படுத்தியது.

அழகே இம்மீனுக்கு இடராகவும் அமைந்துள்ளது. வீடுகளிலும் விடுதிகளிலும் வைக்கப்படும் கண்ணாடித் தொட்டிகளுக்காக, வெப்ப மண்டலக் கடல்கள் பலவற்றில் இது பிடிக்கப்படுகிறது. ஆயினும், கடலில் பிடிப்பதால் எளிதில் நலிவுறும் இம்மீன், தொட்டிகளில் எளிதாக இனம் பெருக்கும் கடல் மீன்களுள் ஒன்றாகவும் விளங்குகிறது. இவ்விரண்டிற்கும் காரணம் அதன் வாழ்க்கை முறையே.

பகையற்ற புகலிடம்

கடற்சாமந்தி என்பது மலர் போலத் தோன்றினும் விலங்கேயாகும். அதன் உணர்கொம்புகளில் நச்சுக் கொட்டணுக்கள் நிறைந்துள்ளன. பிற சிறு மீன்கள் அவற்றைத் தீண்டினால் செயலிழந்து இரையாகிவிடும். கோமாளி மீனுக்கு மட்டும் அதன் உடலை மூடியுள்ள சளிப்படலம் காப்பாக அமைகிறது. எனவே அது உணர்கொம்புகளுக்கு இடையே அச்சமின்றி வாழ்கிறது. கைம்மாறாக, கடற்சாமந்தியைக் கொறிக்க வரும் மீன்களைத் துரத்துகிறது. அதன் கழிவும் கடற்சாமந்திக்கு ஊட்டமாகிறது.

கடற்சாமந்தி இனங்கள் ஆயிரத்திற்கு மேல் இருப்பினும், கோமாளி மீன் இனங்களுக்கு இடமளிப்பவை சுமார் பத்து மட்டுமே. ஓசெல்லாரிஸ் அவற்றிலும் மூன்று இனங்களிலேயே குடியிருக்கிறது. புகலிடத்தை விட்டு அது வெகுதூரம் செல்வதில்லை. பிடிப்பவர்க்கு இதனால் வேலை எளிதாகிறது.

மூப்பு வரிசை

ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண். எஞ்சியவை இனப்பெருக்க முதிர்ச்சி அடையாதவை. பெண் மீன் இறந்தால் ஆண் மீனே காலப்போக்கில் பெண்ணாக மாறுகிறது. அடுத்த நிலையிலுள்ள சிறு மீன் ஆணாக முதிர்கிறது. கோமாளி மீன் குடும்பத்தின் இவ்வியல்பை ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே ஆகிய அறிஞர்கள் 1977இல் 'நேச்சர்' ஆய்விதழில் விளக்கினர்.

கடற்சாமந்தியின் அடிப்புறப் பாறையில் பெண் மீன் முட்டையிடுகிறது. ஆண் மீன் துடுப்பால் நீரை விசிறி அவற்றைக் காக்கிறது. சுமார் ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்த பின் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஏறத்தாழ இரு வாரங்கள் வரை அவை கடலில் மிதந்து திரிந்து, பின்னர் கடற்சாமந்தியை நாடுகின்றன. பெரும்பாலானவை அதற்கு முன்பே அழிந்துவிடுகின்றன.

இச்சூழலில் ஓர் இணையைப் பிடித்து அகற்றினால், எஞ்சிய சிறு மீன்கள் முதிரும் வரை அங்கு முட்டையிடுதல் நின்றுவிடும். கடற்சாமந்தியையும் பெயர்த்தெடுத்தால் குடியிருப்பே அழியும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் வண்ண மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைடு பயன்படுத்தப்பட்டு, பவளங்களும் பாழாயின. இந்தியாவில் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே மீனுக்காகப் பவளத்தை உடைப்பது சட்ட மீறலுமாகும்.

பொரிப்பகம் காட்டும் வழி

மூப்பு வரிசை முறை மீன் வளர்ப்போருக்கு உதவியாகிறது. ஆண், பெண் என இனங்கண்டு தேட வேண்டியதில்லை. இரு இளம் மீன்களைச் சேர்த்து வளர்த்தால் பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் முதிரும். தொட்டியில் கடற்சாமந்தியும் இன்றியமையாததன்று. ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்தாலே அதன்மேல் முட்டையிடும். நன்கு பராமரிக்கப்படும் ஓர் இணை சுமார் இரு வாரங்களுக்கு ஒருமுறை சில நூறு முட்டைகள் இடுகிறது.

குஞ்சுகளைக் காப்பதே கடினமான கட்டம். முதல் நாட்களில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியை உணவாக அளிக்க வேண்டும். அதனை வளர்க்க நுண்பாசி தேவை. பின்னர் ஆர்ட்டீமியாக் குஞ்சுகள் அளிக்கப்படுகின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன் இனங்கள் பலவற்றுக்கு இத்தொழில்நுட்பத்தை வகுத்துள்ளது. அதன் மண்டபம் மையம் இப்பணியில் குறிப்பிடத்தக்கது. 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் அலங்கார மீன் வளர்ப்பிற்கு இடமளிக்கப்பட்டுள்ளது.

தொட்டியில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. வளர்ப்போர் தரும் உணவையும் தயங்காமல் ஏற்கும். கடலில் பிடித்த மீனுக்கு இவை இரண்டும் புதியவை. எனவே வளர்ப்பு மீன் வாங்குவோருக்கும் நன்மை தருவதாகும்.

எஞ்சியுள்ள பணி

பொரிப்பகம் ஒன்றே போதுமானதன்று. முட்டை முதல் விற்பனை வரை வளர்க்கப்பட்ட மீனையும் கடலில் பிடித்த மீனையும் சந்தையில் வேறுபடுத்தி அறியச் சான்று முறை வேண்டும். இல்லையேல் வளர்ப்பு மீனின் பெயரில் கடல் மீனே விற்கப்படக்கூடும். பொரிப்பகத்தின் வருவாய், பவளப் பாறைகளை நம்பி வாழும் கடலோர, தீவுக் குடும்பங்களைச் சென்றடைதலும் இன்றியமையாதது. பிடிப்பதற்கு மாற்றான பிழைப்பு இருந்தால்தான் தடை பயன் தரும்.

மேலும், கடல் நீர் வெப்பமடைவதைப் பொரிப்பகம் தடுக்காது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமான் பவளங்கள் வெப்ப மிகுதியால் வெளிறின. பவளங்களைப் போலவே, தம்முள் பாசியை வைத்து வாழும் கடற்சாமந்திகளும் வெளிறக்கூடியவை. ஆகவே, வணிகத் தேவையைப் பொரிப்பகத்தால் நிறைவு செய்து, பவளப் பாறையை இயற்கை நிலையில் காத்து நிற்பதே பொருத்தமான கொள்கையாகும்.