தெளிந்த பின்னும் திறவாத வாசல்

உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, சித்தம் கலங்கியவர் தெளிவடையும் வரை அவர்கள் மீது பொறுப்பு எழுதப்படுவதில்லை என்னும் கருத்துடைய நபிமொழியை நம் மாணவர்கள் தொடக்க வகுப்புகளிலேயே ஓதிவிடுகின்றனர். கலங்கியவருக்குக் கிடைக்கும் சலுகையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 'தெளிவடையும் வரை' என்று அதற்கு இடப்பட்டுள்ள எல்லையை மறந்துவிடுகிறோம்.

ஃபுகஹாக்கள் அந்த எல்லையை மறக்கவில்லை. சித்தம் கலங்கியவரின் கொடுக்கல் வாங்கலுக்குத் தடை உண்டு. அதற்கு 'ஹஜ்ர்' என்று பெயர். அவர் தெளிவடைந்த உடனே அத்தடை நீங்கிவிடும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜி'ல் எழுதுகிறார்கள். அதற்குக் காஜியின் தீர்ப்பு தேவையில்லை என்பது ஷாஃபிஈ அறிஞர்களின் விளக்கம். ஊதாரித்தனத்தால் காஜி ஒருவர் மீது விதித்த தடையோ, காஜி நீக்கினால்தான் நீங்கும். பணத்தை வீணடித்தவருக்குத் தீர்ப்பு வேண்டும், நோயிலிருந்து மீண்டவருக்கு வேண்டாம் என்னும் இந்த வேறுபாடு சிந்திக்கத்தக்கது. நோய் விட்டு விட்டு வருபவராயினும், தெளிந்திருக்கும் வேளையில் அவர் செய்யும் ஒப்பந்தம் செல்லும். வீட்டை வாடகைக்கு எடுப்பதும் ஓர் ஒப்பந்தமே. 'இஜாரா' என்னும் பாடத்தில் அது அடங்கும்.

ஆனால் நம் தெருக்களில் நடப்பது வேறு. சிகிச்சை முடிந்து வேலைக்குச் செல்லத் தொடங்கிய ஓர் இளைஞர் சில ஆண்டுகளுக்கு முன் வீடு தேடியபோது நாமும் உடன் சென்றோம். வீட்டுக்காரர் தொழுகையில் முதல் ஸஃப்பில் நிற்பவர். வாடகை பேசி முன்பணமும் வாங்கிக்கொண்டார். மறுநாள் மருந்துச் சீட்டைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். பணம் ஒரு சொல்லும் இன்றித் திரும்பி வந்தது. முஸ்லிம் என்றால் வீடில்லை என்று பெருநகரங்களில் மறுக்கப்படும் வேதனையை அறிந்த சமுதாயம் நாம். அதே சொல்லை நாமும் மற்றொருவரிடம் சொல்லுகிறோமே என்று அன்று உறுத்தியது.

வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'பைத்தியம்' என்ற சொல்லோடு அபாயம் என்ற எண்ணமும் நம் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் மனநோயாளரில் மிகப் பெரும்பாலோர் பிறரைத் தாக்குபவர்கள் அல்லர். பிறரால் துன்புறுத்தப்படும் அபாயமே அவர்களுக்கு அதிகம்.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்ததை நாம் மறப்பதற்கில்லை. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களுள் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அதன்பின் அக்காப்பகங்களை அரசு மூடியது. கூரையையும் சங்கிலியையும் பற்றி அந்நாளில் நிறையவே எழுதப்பட்டது. குணமடைந்தவர் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்ததா என்ற கேள்வியை எழுப்பியவர் குறைவு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியிடுவதை அது தடைசெய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, தங்க இடமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ்வது அவரது உரிமை என்றும் அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, வாடகைக்கு ஒரு வீடு வேண்டும். சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட 'பானியன்' அமைப்பு 2015 முதல் இதைச் செய்துவருகிறது. நெடுங்காலம் விடுதியில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்து வாழ்கிறார்கள். துணைக்குப் பணியாளர் உண்டு. சமையல், சந்தை, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் மற்ற வீடுகளைப் போலத்தான்.

இவ்விஷயத்தில் நம் முன்னோரும் வெறுங்கையோடு இருக்கவில்லை. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. குணமாகி வெளியேறுபவருக்கு வக்ஃபு வருவாயிலிருந்து உடை கொடுக்க வேண்டும் என்று அதன் வக்ஃபுப் பத்திரம் விதித்தது. நோயாளி வெளியே செல்வார், மனிதர்கள் நடுவே நடமாடுவார், அதற்குத் தக்க உடை அவருக்கு வேண்டும் என்பது அங்கே முன்கூட்டியே எண்ணப்பட்டிருக்கிறது. அறிவில் ஏதோ குறைவு இருந்த ஒரு பெண், தமக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னபோது, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அங்கே வருவதாகக் கூறி, நபி (ஸல்) அவர்கள் அவருடன் சென்று நின்றதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

நம் ஜமாஅத்துகள் பலவற்றுக்கு வாடகை வீடுகளும் கடைகளும் வக்ஃபாக உள்ளன. அவற்றுள் ஒன்றைக் குணமடைந்தவருக்கு உரிய வாடகைக்கே விடுவது முத்தவல்லிகளால் ஆகாத காரியமன்று. தனியார் வீடாக இருந்தால், வாடகை நின்றுவிடுமோ என்று அஞ்சும் உரிமையாளரிடம் ஜமாஅத் 'கஃபீல்' ஆக நிற்கலாம். ஃபிக்ஹில் 'கஃபாலத்' என்று ஒரு பாடம் இருப்பது ஓதி முடிப்பதற்கு மட்டுமன்று. மருத்துவரின் தொலைபேசி எண்ணும், அவசரத்துக்கு வரக்கூடிய இருவர் பெயரும் வீட்டுக்காரர் கையில் இருந்தால் அச்சம் பாதியாகக் குறையும்.

நாம் உடன் சென்ற அந்த இளைஞருக்கு நான்காவது தெருவில் வீடு கிடைத்தது. கொடுத்தவர் ஒரு விதவைப் பெண்மணி. அவர் கேட்டது ஒன்றே: இரவில் வாசல் விளக்கை அணைக்காமல் வைக்க முடியுமா, எனக்குக் கண் தெரியவில்லை தம்பி, என்று.