சம்பளம் 7-ந் தேதி. தவணை 5-ந் தேதி!

பொம்மனஹள்ளியில் காலை 8 மணிக்கு ஓசூர் ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. தோளில் சாப்பாட்டுப் பை தொங்க, சாரை சாரையாகப் பெண்கள் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளுக்குப் போவார்கள். தலைக்கு மேலே 2025 ஆகஸ்டு 10-ந் தேதி தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோ ரெயில் ஓடுகிறது. கீழே நடப்பவர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பலர்.

மாதத்தின் முதல் வாரத்தில் இவர்களுடைய செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை படித்துச் சொன்னால்தான் விஷயம் புரியும். "அம்மா, பணம் போகலையாம். தவணை ரிட்டன் ஆயிடுச்சாம்."

வீட்டில் பணம் இல்லையா? இருக்கிறது. ஆனால் இருக்க வேண்டிய கணக்கில், இருக்க வேண்டிய தேதியில் இல்லை. கோளாறு அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் விலைதான் அதிகம்.

ரூ.400 போட்ட முடிச்சு

இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். மனைவி தையல் தொழிலாளி. சம்பளம் அவர் பெயரில் ஒரு பாங்கிக்கு வருகிறது. கணவர் கணக்கு வேறொரு பாங்கியில். ஸ்கூட்டர் கடனுக்கு மாதத் தவணை ரூ.2,950. அது கணவர் கணக்கில் இருந்து 5-ந் தேதி தானாகவே பிடிக்கப்படும்.

அதற்காக மனைவி தன் பாங்கியில் "ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்" கொடுத்திருக்கிறார். அதாவது, மாதாமாதம் 4-ந் தேதி என் கணக்கில் இருந்து கணவர் கணக்குக்கு ரூ.3 ஆயிரம் அனுப்பவும் என்ற நிலையான உத்தரவு. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது!

ஒரு மாதம் 4-ந் தேதி மனைவி கணக்கில் ரூ.2,600-தான் இருந்தது. சம்பளம் 7-ந் தேதிதான் வரும். குறைந்தது 400 ரூபாய். இருப்பதை அனுப்புவோம் என்று பாங்கி செய்யாது. முழுத் தொகை இல்லை என்றால் ஒரு காசும் நகராது. மறுநாள் தவணை கேட்டு வந்தபோது கணவர் கணக்கு காலி.

தவணை திரும்பியதற்குப் பல பாங்கிகளில் கட்டணம் ரூ.250. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.45. ஆக ரூ.295. இது பாங்கிக்கு. கடன் கொடுத்த கம்பெனி போடுவது தனி.

7-ந் தேதி சம்பளம் வந்தது. வீட்டுக்கே வந்த வசூல்காரரிடம் தவணையை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கி விட்டார்கள். தொல்லை விட்டது என்றுதான் நினைப்பார்கள்.

விடவில்லை. அடுத்த மாதம் 4-ந் தேதி ரூ.3 ஆயிரம் சரியாகக் கணவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. பாங்கி முதல் வேலையாகத் தனக்கு வர வேண்டிய பழைய ரூ.295-ஐ எடுத்துக் கொண்டது. மிச்சம் ரூ.2,705. தவணைக்கு 245 ரூபாய் குறைவு. மறுபடியும் திரும்பியது. மறுபடியும் ரூ.295. கடன்காரக் கம்பெனி அதே மாதம் இன்னொரு முறை அனுப்பிப் பார்த்தால், அதற்கும் ஒரு கட்டணம்!

அந்தக் காலத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பினால், வாங்க ஆள் இல்லை என்றால் பணம் திரும்பி வந்து சேரும். அபராதம் என்று யாரும் கேட்டதில்லை.

தேதி யார் கையில்?

சம்பளத் தேதியைச் சட்டமே சொல்லுகிறது. 1936-ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடா சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7-ந் தேதிக்குள்ளும், அதற்கு மேல் என்றால் 10-ந் தேதிக்குள்ளும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. பெரிய தொழிற்சாலைகளுக்கு மூன்று நாள் சலுகை! 2025 நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் மாதச் சம்பளத்துக்கு 7-ந் தேதி என்று ஆகி இருக்கிறது.

ஆனால் தவணை 2-ந் தேதி, 5-ந் தேதி என்று இருந்தால் என்ன பயன்? கடன் வாங்கும் அவசரத்தில் தேதியை யார் பார்க்கிறார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாங்கிக்கு லீவு, திங்கட்கிழமை காலையில் பணம் போட்டுக் கொள்ளலாம் என்று இருப்பவர்களும் உண்டு. அது பழைய கணக்கு. தானாகத் தவணை பிடிக்கும் "நாச்" முறை 2021 ஆகஸ்டு 1-ந் தேதியில் இருந்து ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் எல்லா நாளும் நடக்கிறது.

கடன் கம்பெனியிடம் தேதியை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்; புதிதாகக் கையெழுத்து வாங்குவார்கள். மாற்ற மாட்டோம் என்றால், ஒரு தவணைப் பணத்தோடு சில நூறு ரூபாய் சேர்த்து அந்தக் கணக்கில் எப்போதும் கிடக்க விடுவதுதான் வழி. கையில் பணம் தங்காத வீட்டில் இது சுலபம் அல்ல. ஒரு தீபாவளி போனசை அதற்கென்று ஒதுக்கினால் உண்டு.

பெயர் மாறிய பாங்கிகள்

தேதி சரியாக இருந்தும் பணம் போகாத காலம் ஒன்று வந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விஜயா பாங்கி 2019 ஏப்ரல் 1-ந் தேதி பாங்க் ஆப் பரோடாவுடன் சேர்ந்தது. சிண்டிகேட் பாங்கி 2020 ஏப்ரல் 1-ந் தேதி கனரா பாங்கியுடன் இணைந்தது. கிளை அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் ஐ.எப்.எஸ்.சி. என்ற கிளைக் குறியீட்டு எண் மாறியது. விஜயா பாங்கியின் பழைய எண்கள் 2021 மார்ச்சிலும், சிண்டிகேட்டின் எண்கள் 2021 ஜூலை 1-ந் தேதியிலும் செல்லாமல் போயின. ஊரில் இருக்கும் தாய்க்கு மாதாமாதம் பணம் போகட்டும் என்று பழைய எண்ணில் எழுதிக் கொடுத்து விட்டு மறந்தவர்கள், பணம் வரவில்லை என்று ஊரில் இருந்து போன் வந்த பிறகுதான் விழித்துக் கொண்டார்கள்.

போலீஸ் வருமா?

தவணை திரும்பினால் ஜெயில் என்று வசூல்காரர்கள் மிரட்டுவது உண்டு. பாதி உண்மை. 2007-ம் ஆண்டு பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவில், இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஆனால் உடனே அல்ல. தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதைப் பெற்ற 15 நாளுக்குள் பணத்தைக் கட்டி விட்டால் அந்தக் குற்றம் இல்லை.

இன்னொன்று, இது கடனுக்கு மட்டும்தான். மனைவி கணக்கில் இருந்து வீட்டுச் செலவுக்காகக் கணவர் கணக்குக்குப் போக வேண்டிய பணம் போகாவிட்டால் எந்தச் சட்டமும் அவரைக் குற்றம் சொல்லாது.

கணக்கில் கழிந்த பணம் மறுபக்கம் போய்ச் சேரவில்லை என்றால், அங்கே பதில் சொல்ல வேண்டியது பாங்கி. ரிசர்வ் பாங்கி 2019 செப்டம்பர் 20-ந் தேதி போட்ட உத்தரவுப்படி, யு.பி.ஐ.யில் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால், மறுநாளைக்குள் திரும்ப வர வேண்டும். அதற்கு மேல் நாள் ஒன்றுக்கு ரூ.100 நஷ்ட ஈடு, கேட்காமலே தர வேண்டும். தவணை பிடிக்கும் அனுமதியைத் தன் பாங்கியில் எழுதிக் கொடுத்து ரத்து செய்த பிறகும் பிடித்தால், அதற்கும் அந்தப் பாங்கிதான் பொறுப்பு. அனுமதி ரத்தானாலும் கடன் ரத்தாகாது என்பது வேறு விஷயம்.

பொம்மனஹள்ளிப் பெண்கள் தங்கள் பணம் விஷயத்தில் வாயில்லாப் பூச்சிகள் அல்ல. பிராவிடண்ட் பண்டை முழுதாக எடுக்க முடியாதபடி வந்த உத்தரவை எதிர்த்து 2016 ஏப்ரல் 18-ந் தேதி ஓசூர் ரோட்டில் இறங்கியவர்கள் இவர்கள்தான். மறுநாளே மத்திய அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஆனால் 295 ரூபாய்க்கு யார் ரோட்டுக்கு வருவார்கள்? அரை நாள் சம்பளத்தை விட்டு விட்டுப் பாங்கிக்குப் போனாலே, நஷ்டம் அதற்கு மேல் ஆகி விடும். அதனால்தான் பெரும்பாலோர் அப்படியே விட்டு விடுகிறார்கள்.

பாங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் பாங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அதில் கன்னடத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.