முதுகுக்குள் ஒளிந்திருக்கும் கட்டி

பன்விலப் பக்கம் முதுகுவலி என்றால் சுமை தூக்கியதால் என்றே விட்டுவிடுகிறோம். இராத்திரியில் கூடும் வலியோடு கால் விறைத்து நடை தள்ளாடினால், முள்ளந்தண்டுக்குள் கட்டியும் இருக்கலாம்.

1887இல் இலண்டனில் வைத்தியர் விக்டர் ஹோர்ஸ்லி இத்தகைய கட்டியை அகற்றியபோது எக்ஸ்றேகூடக் கிடையாது. உணர்ச்சி மரத்த இடத்தைக் கொண்டு கணக்கிட்டுத் திறந்தார். அங்கே கட்டி இல்லை. இன்னும் மேலே எலும்பை அகற்றிய பிறகே கண்டார். (நோயாளி மீண்டும் நடந்தார்!)

இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கான் கட்டியின் இடத்தை முன்கூட்டியே காட்டுகிறது. எக்ஸ்றே பெரும்பாலும் எலும்பைத்தான் காட்டும். முண்ணாணோ சின்னவிரல் பருமன்தான். ஆகவே நுணுக்குக்காட்டியால் பெருப்பித்துப் பார்த்தே வெட்டுகிறார்கள்.

கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். ஸ்கான் இயந்திரம் பலத்த காந்தம். இடம்பெயர்ந்து வந்த நம்மில் யாருக்காவது உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.