தங்கவயலுக்கு வந்த கேமராக்கள்

மண்ணைக் காட்டியது ஒரு படம். மனிதர்களைத் தேடியது இன்னொன்று. நடுவில் ஒரு தயாரிப்பாளரின் பயணம்.

கோலார் தங்கவயலில் கண்ணில் படுவது தங்கமல்ல, சயனைடு மேடுகள். பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய கழிவு மலைமலையாகக் கிடக்கிறது. ஜான் டெய்லர் நிறுவனத்தின் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித் தமிழர்கள். அவர்கள் உழைப்புக்கு மிஞ்சிய சாட்சி இதுதான்.

2018-ல் இங்கே படமாகி வெளியான 'கே.ஜி.எஃப்.' ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. ஆனால் அதில் வந்த சுரங்கமும் கற்பனை, அடிமைகளும் கற்பனை.

அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் வேறொரு தொடக்கம். ரஜினிகாந்தை வைத்து 'கபாலி', 'காலா' என்று இரண்டு படங்களை இயக்கியிருந்த பா. ரஞ்சித், தன் நீலம் புரொடக்‌ஷன்ஸ் மூலம் 'பரியேறும் பெருமாள்' படத்தை வெளியிட்டார். ரஜினி பட இயக்குநர் அடுத்த நட்சத்திரத்தைத் தேடுவதுதான் கோடம்பாக்க வழக்கம். இவர் பணம் போட்டது, அதுவரை ஒரு படமும் இயக்காத மாரி செல்வராஜை நம்பி.

2012-ல் 'அட்டகத்தி' மூலம் ரஞ்சித்துக்குக் கதவு திறந்ததும் அப்படித்தான். அன்று அவரை நம்பியவர் தயாரிப்பாளர் சி.வி. குமார். அந்தக் கடனை ரஞ்சித் வட்டியோடு தீர்த்திருக்கிறார். 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019) அதியன் ஆதிரைக்கு, 'ரைட்டர்' (2021) பிராங்க்ளின் ஜேக்கப்புக்கு, 'சேத்துமான்' (2022) தமிழுக்கு, 'ப்ளூ ஸ்டார்' (2024) ஜெயக்குமாருக்கு முதல் படம். காயலான் கடை லாரி டிரைவர், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர், அரக்கோணத்துக் கிரிக்கெட் பையன்கள் என்று நாயகர்களும் புதிது. எல்லாப் படங்களுக்கும் தியேட்டர் கிடைத்துவிடவில்லை. 'சேத்துமான்' நேராக ஓ.டி.டி.க்குப் போனது.

ஸ்டுடியோ கிரீனுடன் நீலம் கைகோத்த பெரிய படம், 2024 ஆகஸ்ட் 15-ல் வெளியான 'தங்கலான்'. ரஞ்சித்தே இயக்கினார். வெள்ளைக்காரனோடு தங்கம் தேடிப் போகும் வட ஆற்காட்டுக் கிராமத்தாரின் கதை. கேமரா மறுபடி தங்கவயலுக்கு வந்தது. சரித்திரத்தோடு மாயமும் கலந்ததில் விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள். ஆனால், மண்ணை வெட்டியவன் கதையின் நடுவில் நின்றான்.

அந்தக் கதை 19-ம் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறது. சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28-ல். தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். தாத்தா இருட்டில் இறங்கினார். பேரன் இருட்டோடு கிளம்புகிறான். இதை எடுக்கவும் ஒரு புது இயக்குநர் வருவார். அவரை நம்பிப் பணம் போட ஒருவர் வேண்டும்.