மிதவைப் படகும் காவற்பொறுப்பும்

பதுளை மாவட்டத்திலே படகைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் நினைவுக்கு வருவது மஹியங்கனைக்கு அருகே கிடக்கும் சொரபொரக் குளமாகும். துட்டகைமுனு மன்னன் காலத்திலே புலத்தா என்னும் மாவீரன் கட்டியதென ஐதீகம் கூறுவதும், கற்பாறையைக் குடைந்தமைத்த மதகினால் இன்றைய பொறியியலாளரையும் வியக்க வைப்பதுமான அந்தக் குளத்திலே, உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் படகுத் தொழில் இந்நாளில் ஒரு ஜீவனோபாயமாகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளிலும் ஒரு சிலர், கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டிய தாய்மாரின் சேமிப்பையும் தம் சொந்த உழைப்பையும் ஒன்றுசேர்த்து, மட்டக்களப்பு வாவிக்கரையிலோ பொத்துவில் களப்பிலோ இத்தகைய தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். மலைநாட்டவரின் ஏட்டிலே படகைப் பற்றி எழுதுவதற்கு இது ஒன்றே போதிய காரணமாகும். ஆயினும் இதனினும் பெரிய காரணமொன்று உண்டு. பிறரொருவர் கையிலே பத்திரமாய் இருக்கட்டுமென்று நம்பி ஒப்படைத்த பொருள் சேதமுற்றுத் திரும்புமாயின் உரிமையாளர் செய்யவேண்டுவது யாது என்னும் கேள்வி, படகுக்காரருக்கு எழுவது போலவே, பண்டாரவளைக் கராஜில் லொறியை விட்டவருக்கும், பதுளைக் கடைவீதியில் தையல் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்த பெண்ணுக்கும் எழுகின்றது.

மிதவைப் படகு என்பது, இரண்டு அல்லது மூன்று நீண்ட குழல்களின்மேல் சமதளமான மேடையொன்றைப் பொருத்தி, பின்புறத்திலே இயந்திரத்தைத் தொங்கவிட்ட அமைப்பாகும். கிழக்கு மாகாண வாவிகளிலே மனிதரையும் வாகனங்களையும் கரைமாற்றும் 'பாதை'யைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் புதியதன்று. 1950களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆம்புரோஸ் வீரஸ் என்னும் விவசாயி, இரும்புப் பீப்பாய்களை வரிசையாய் இணைத்து, அவற்றின்மேல் மரப்பலகை பரப்பி ஏரியில் மிதக்கவிட்டதிலிருந்து உல்லாச மிதவைப் படகின் நவீன சரித்திரம் தொடங்குகிறது. இன்று பீப்பாயின் ஸ்தானத்தை அலுமினியக் குழல் பிடித்துக்கொண்டது. கவிழாத உறுதியும், முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி ஏறக்கூடிய அகன்ற தளமும் இதன் சிறப்புக்கள். மெல்லிய தகட்டாலான அந்தக் குழல்களே இதன் பலவீனமும் ஆகும்.

இந்தப் பலவீனத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். கரையிலே கிரேன் கொண்டு படகைத் தூக்குகிறவர், மேடையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கு நேராகப் பெல்ட்டை இடாமல், வெறுங்குழலின் நடுவிலே இடுவாராயின், முழுப் பாரமும் ஓரிடத்தில் இறங்கி, தகடு உட்குழியும். அல்லது வெல்டிங் ஒட்டின் ஓரத்திலே மயிரிழையளவு வெடிப்பு விழும். அந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. படகை நீரில் இறக்கிப் பல நாட்களான பின்னர், ஒருபுறம் சற்றே தாழ்ந்திருப்பதைக் கண்டே உரிமையாளர் ஐயுறுகிறார். அறுபது சென்டிமீற்றர் விட்டமும் ஆறு மீற்றர் நீளமும் உடைய குழலொன்று மூன்று சம அறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதாகக் கொண்டால், அதில் ஓர் அறை நீரால் நிரம்பினாலே ஏறக்குறைய 560 கிலோகிராம் பாரம் ஒரு பக்கத்தில் ஏறிவிடும். உண்மையை அறிவதற்கு வழி எளியது: குழலினுள் மிகக் குறைந்த அழுத்தத்திலே காற்றைச் செலுத்தி, ஒட்டுக்களின்மேல் சவர்க்கார நீரைத் தடவிப் பார்த்தால், வெடிப்புள்ள இடத்திலே சிறு குமிழிகள் ஓயாமல் கிளம்பும். குமிழி கிளம்பும் அந்த இடத்தையும், அதனருகே பெல்ட் அழுந்திய தழும்பு இருக்குமாயின் அதனையும், ஒரே படத்தில் பதிவுசெய்து வைத்திருப்பவரின் கையிலே வழக்கின் பாதி இருக்கிறது.

தூக்கும்போது நேரும் சேதத்தைத் தவிர வேறு சேதங்களும் உண்டு. அலுமினியத்தின்மேல் செம்பு கலந்த வண்ணத்தைப் பூசிவிட்டால், நீரினுள் இரு உலோகங்களுக்குமிடையே மின்னோட்டம் எழுந்து, குழல் அரிக்கப்பட்டுப் புள்ளிபுள்ளியாய்த் துளைபடும். படகுத்துறையின் மின்கம்பியிலே கசிவிருந்தாலும் அவ்விதமே. கட்டிய கயிறு தளர்ந்து, காற்றில் படகு சீமேந்துத் தூணில் மோதுவது மற்றொன்று.

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். படகு சேதமுற்ற உரிமையாளர் பலரும் மனந்தளர்வது, "நான் அங்கே இல்லையே, அவர்கள் உடைத்தார்கள் என்று எப்படி நிரூபிப்பேன்?" என்னும் எண்ணத்தினாலேயே. இந்தத் தளர்ச்சி தேவையற்றது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பொருளை நல்ல நிலையில் ஒப்படைத்ததையும், அது சேதமுற்ற நிலையில் திரும்பியதையும் காட்டிவிட்டால், தம் பக்கத்திலே கவனக்குறைவு இருக்கவில்லை என்று விளக்கும் பாரம் பொறுப்பேற்றவரின் தலைமேல் ஏறுகிறது. நடந்தது யாதென்பதை அறியக்கூடியவர் அவரே; ஆகையால் விளக்கவேண்டியவரும் அவரே என்பது இதன் நியாயம்.

இந்த நியாயம் நேற்றுத் தோன்றியதன்று. கப்பற்காரர், சத்திரக்காரர், லாயக்காரர் ஆகிய மூவரும் தாம் ஏற்றுக்கொண்ட பொருளைப் பத்திரமாய்த் திருப்பிக் கொடுத்தேயாகவேண்டும் என்று பண்டை உரோமாபுரியின் நீதியதிகாரி பிறப்பித்த கட்டளை, கி.பி. 533இல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி வெளியிட்ட 'டைஜெஸ்ட்' என்னும் சட்டத்தொகுப்பின் நாலாம் நூலிலே இடம்பெற்றுள்ளது. கப்பல் உடைவும் கடற்கொள்ளையும் நேர்ந்தவிடத்து அவர்களுக்கு விலக்கு உண்டென்று லாபியோ என்னும் சட்ட அறிஞர் கூறியதும் அங்கேயே காணப்படுகிறது. அந்த உரோமச் சட்டம் ஒல்லாந்திலே குரோஷியஸ், வூத் முதலிய பேரறிஞரின் உரைகளால் உரோமன்-டச்சுச் சட்டமாய் உருப்பெற்று, ஒல்லாந்தக் கம்பனியாரின் கப்பல்களோடு இலங்கையின் கரையோரத்துக்கு வந்தது. 1796இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால் அதனையே தொடர்ந்து நிலவவிட்டனர்.

பதுளை அடங்கிய ஊவாவின் கதையோ வேறு. 1815 வரை இது கண்டி இராச்சியத்தின் பகுதி. 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியிலே பெருந்துயரத்தை அனுபவித்த பூமி. கரையோரத்துச் சட்டம் இங்கே தானாக ஏறிவரவில்லை. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே, கண்டிச் சட்டம் மௌனமாயிருக்கும் விடயங்களிலே கரையோரச் சட்டம் மலைநாட்டுக்கும் பொருந்தும் என்று விதித்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்த 1924ஆம் ஆண்டுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, உரோமாபுரியின் நியாயம் இந்த மலைகளை எட்டிவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு நிறைவு தோன்றுகிறது. அதே கட்டளைச் சட்டம், கப்பல்கள் பற்றியனவும் கடல்சார்ந்தனவுமான விடயங்களிலே ஆங்கிலச் சட்டமே செல்லும் என்றும் கூறுகிறது. குளத்துப் படகொன்று 'கப்பல்' என்ற வகையில் அடங்குமா என்பதைச் சட்டத்தரணிகள் வாதிட்டுத் தீர்க்கட்டும்; பாமரருக்கு அதனால் பெரிய வேறுபாடில்லை. கூலி ஏதும் பெறாமலே பிராந்திப் பீப்பாய்களை இடம்மாற்ற ஒப்புக்கொண்டவர், கவனக்குறைவால் ஒன்றை உடைத்தபோது பொறுப்பாளியே என்று 1703இல் 'கொக்ஸ் எதிர் பேர்னாட்' வழக்கிலே தீர்த்த ஆங்கில நீதிமன்றத்தின் பரம்பரையும், பொறுப்பேற்றவரே விளக்கவேண்டும் என்ற இதே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறது.

படகைப் பொறுப்பேற்ற படகுத்துறைக்காரர் இவ்விடத்திலே ஒரு பற்றுச்சீட்டை எடுத்து நீட்டுவார். "சேதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வாசகம் அதன் அடியிலே சிறிய எழுத்தில் இருக்கும். கராஜ் சுவரிலும் வாகனத் தரிப்பிடத்திலும் நாம் தினந்தோறும் காணும் வாசகமே இது. இதனைக் கண்டு ஒதுங்கிவிடுவோர் ஆயிரம் பேர். அப்படி ஒதுங்கவேண்டியதில்லை என்பதற்கு ஒரு வழக்கைக் கூறலாம். டில்லியிலே ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில், 1998ஆம் ஆண்டிலே, விருந்தினர் ஒருவர் தம் மாருதிக் காரின் சாவியை ஊழியரிடம் கொடுத்துச் சீட்டைப் பெற்று உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிச் சென்றுவிட்டிருந்தார்கள். அபாயம் உரிமையாளருடையதே என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை ஹோட்டல் தரப்பு சுட்டிக்காட்டியது. காப்புறுதி நிறுவனம் உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவருடைய ஸ்தானத்தில் நின்று வழக்கை நடத்தியது. 2019 நவம்பரிலே இந்திய உச்ச நீதிமன்றம், சாவியைக் கையேற்றவுடனே காவற்பொறுப்பு பிறந்துவிடுகிறது என்றும், தன் சொந்தக் கவனக்குறைவை மறைக்க அச்சிட்ட வாசகத்தைக் கேடயமாக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. இந்தியத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் நம் நாட்டிலும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. கவனக்குறைவினால் வந்த பொருட்சேதத்துக்குப் பொறுப்பை விலக்கும் நிபந்தனை, நியாயமானதாய் இருந்தாலன்றிச் செல்லாது என்பது அதன் சாரம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமோ, சேவையை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கவேண்டும் என்ற உறுதியை ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்திலும், எழுதாவிட்டாலும் எழுதியதாகவே, சேர்த்துவிடுகிறது.

உரிமையாளர் செய்யவேண்டியவற்றில் மிகவும் முக்கியமானது சேதம் நேருமுன்னரே செய்யப்படவேண்டியது என்பதுதான் இவ்விஷயத்தின் கஷ்டம். ஒப்படைக்கும் தருணத்திலே, குழல்களின் அடிப்புறம், ஒட்டுக்கள், இயந்திரத்தைத் தாங்கும் பின்பகுதி ஆகியவற்றைத் திகதி தெரியக் கைத்தொலைபேசியால் படமெடுத்து, ஏற்கெனவே இருந்த கீறல்களையும் மறையாமல் குறித்து, பொறுப்பேற்பவரின் கையொப்பத்தைப் பெற்றிருத்தல் வேண்டும். முன்பிருந்த குறைகளை ஒளிப்பவரின் சொல்லை, பின்னர் எவரும் நம்பமாட்டார்கள். திரும்பப் பெறும்போதும், அவ்விடத்தைவிட்டு நகருமுன், அதே கோணங்களில் மறுபடியும் படமெடுக்கவேண்டும்.

சேதம் தெரிந்தவுடன் பழுதுபார்த்துவிடத் துடிப்பது இயல்பு. பருவகாலம் போய்விடுமே, வருமானம் நின்றுவிடுமே என்ற கவலை வேறு. ஆனால் சாட்சியமே அந்த உடைந்த பாகந்தான். படகுத்துறைக்காரருக்கும், காப்புறுதி இருப்பின் அந்நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் அறிவித்து, பார்வையிட வாய்ப்பளித்து, சுயாதீனமான தொழிலறிஞர் ஒருவரின் மதிப்பீட்டைப் பெற்ற பின்னரே ஒட்டில் கைவைக்கவேண்டும். கழற்றிய பாகத்தை எறிந்துவிடலாகாது. மேலும் சேதம் பெருகாதவாறு படகைக் கரையேற்றி வைப்பது உரிமையாளரின் கடமை. தடுக்கக்கூடியதாய் இருந்தும் தடுக்காத நஷ்டத்துக்கு நட்டஈடு கிடைக்காது. காப்புறுதி நிறுவனத்தைக் கேளாமல் துறைக்காரரோடு தனியே சமாதானம் செய்துகொள்வதும் ஆபத்து. அந்நிறுவனம் பின்னர் அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை கெட்டுவிடுமாதலால், காப்புறுதிப் பணமே மறுக்கப்படலாம்.

கட்டணம் செலுத்தாவிட்டால் படகைத் தரமாட்டேன் என்று துறைக்காரர் நின்றால், அவருக்குத் தம் கூலிக்காகப் பொருளைத் தடுத்துவைக்கும் உரிமை ஓரளவு உண்டென்பதை மறக்கக்கூடாது. கைகலப்பினால் ஒன்றும் ஆகாது. "சேதம் பற்றிய என் உரிமையைக் கைவிடாமல், ஆட்சேபணையோடு செலுத்துகிறேன்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிட்டுப் பணத்தைக் கட்டிப் படகை மீட்டுக்கொள்வதே விவேகம்.

அதன்பின் கேட்கவேண்டிய தொகை. பழுதுபார்க்கும் செலவு, படகை ஏற்றியிறக்கிய கூலி, தொழில் நின்ற நாட்களின் வருமானம் ஆகியவற்றைக் கேட்கலாம். வருமான இழப்பைக் கேட்பவர் முந்திய பருவங்களின் கணக்கைக் காட்டவேண்டும். வாய்க்கணக்கிலே தொழில் நடத்தும் நம்மவர் நஷ்டப்படுவது இவ்விடத்திலேதான். பத்தாண்டுப் பழைய குழலுக்குப் பதில் புதுக்குழலின் முழுவிலையைக் கோரினால், தேய்மானத்தைக் கழிக்கச் சொல்வார்கள், அது நியாயமே.

இத்தொகையைக் கோரி எழுதும் கடிதத்துக்குப் பதில் வராவிடின், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் அதனை எழுத்தில் கொடுத்துவிடவேண்டும். சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்காயின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கு முதலில் செல்லவேண்டும். அங்கே இணக்கம் ஏற்படாவிட்டால், இணக்கமின்மைச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டே நீதிமன்றத்தை நாடலாம். வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தின்மேல் வழக்கிட ஆறாண்டும், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்றாண்டும், ஒப்பந்தம் சாராத சேதத்துக்கு இரண்டாண்டும் அவகாசம். பதுளையிலே பெரும்பாலான கொடுக்கல் வாங்கல்கள் வாய்மொழியாகவே நடப்பதால், ஆறாண்டு இருக்கிறதென்று எண்ணிக் காத்திருப்பவர், மூன்றாவது ஆண்டு முடிந்த மறுநாளே வழக்கை இழந்தவராகிறார்.