தெருக்கூத்துக் கலைஞர்: பலதுறைத் திறனும் தனித்தேர்ச்சியும்

தெருக்கூத்து வட தமிழ்நாட்டில் நிகழ்த்தப்படும் இரவு நேர நாட்டுப்புற நாடகக் கலை. மகாபாரதக் கதைகளே இதில் மிகுதியாக நடிக்கப்படுகின்றன. கூத்துக் கலைஞர் எல்லா வேலையும் தெரிந்தவராக இருக்க வேண்டுமா, ஒன்றில் மட்டும் ஆழ்ந்த தேர்ச்சி பெற்றால் போதுமா என்ற கேள்வி இக்கலையின் பயிற்சி, விருது, எதிர்காலம் ஆகிய மூன்றையும் தொடுகிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

பின்புலம்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இங்கு வழங்குகின்றன. மாவட்டத்தின் பல ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடைபெறும். அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம் போன்ற நிகழ்ச்சிகளில் ஊரே களமாகிறது. பழங்கதையை மக்கள் கூடி மீண்டும் நிகழ்த்திக் காட்டும் சடங்கு இது.

ஒருவரிடம் கூடும் திறன்கள்

கூத்தில் நடிகரே பாடுவார், ஆடுவார், வசனம் பேசுவார். பின்பாட்டுக்காரர்கள் அவர் பாடிய அடியை வாங்கிப் பாடுவர். முகத்துக்கு வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் அவரவர் வேலையே. பெண் வேடத்தையும் மரபாக ஆண்களே ஏற்றனர். இன்று திரௌபதியாக வருபவர் நாளை கர்ணனாக வர நேரலாம்.

அண்டை மாநிலக் கலைகளில் வேலைப் பிரிவு வேறு விதமாக உள்ளது. கர்நாடகத்தின் யட்சகானத்தில் பாடும் பொறுப்பு பாகவதருடையது. நடிகர் ஆடுவார், வசனம் பேசுவார். கேரளத்தின் கதகளியில் நடிகர் பாடுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. முகத்தில் ‘சுட்டி’ வைப்பதற்கென்றே கலைஞர்கள் உள்ளனர். 1930இல் தொடங்கப்பட்ட கேரள கலாமண்டலத்தில் அது தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இவற்றோடு ஒப்பிட்டால் கூத்துக் கலைஞரின் சுமை அதிகம்.

குழுவின் ஆசிரியர் ‘வாத்தியார்’ எனப்படுவார். எல்லா வேடங்களின் பாட்டும் வசனமும் அவருக்கு மனப்பாடம். விடியும் வரை நடக்கும் ஆட்டத்தில் எவருக்கேனும் தொண்டை கட்டினால் அந்த இடத்தை அவரால் நிரப்ப முடியும்.

தனித்தேர்ச்சி வேண்டும் பணிகள்

எல்லோராலும் எல்லாம் செய்ய முடியாத இடங்களும் கூத்தில் உண்டு.

கட்டை செய்தல்: அரசர், வீரர் வேடங்களுக்குரிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியன எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படும். அவற்றின் மேல் கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டப்படும். இரவு முழுவதும் அணிந்து ஆட வேண்டியவை என்பதால் எடையும் சமநிலையும் பிசகக்கூடாது.

இசை: முகவீணை ஊதுபவரும் மிருதங்கம் வாசிப்பவரும் நடிகரின் குரலையும் அடவையும் அறிந்து தொடர வேண்டும். முகவீணைக்காரர் வராவிட்டால் நடிகர் ஒருவர் அதை எடுத்து ஊதிவிட முடியாது.

படுகளச் சிலை: பல அடி நீளத்தில் படுத்திருக்கும் துரியோதனன் உருவம் ஈர மண்ணால் தரையில் அமைக்கப்படும். பீமன் வேடமிட்டவர் அதன் தொடையில் அடித்ததும் குருதியாகக் கருதப்படும் சிவப்பு நீரைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள். விழா முடிந்ததும் சிலை மண்ணோடு மண்ணாகும்.

விருதும் வகைப்பாடும்

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் வழங்கும் விருதுகள் வயதை அடிப்படையாகக் கொண்டவை: 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66 வயதுக்கு மேல் கலை முதுமணி. மாநில அளவில் கலைமாமணி உள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்தின் புரிசையைச் சேர்ந்த கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தன் 2025இல் பத்மஸ்ரீ பெற்றார். கைவினைஞர்களுக்கான தேசிய விருது 1965 முதலும், சில்ப் குரு விருது 2002 முதலும் வழங்கப்படுகின்றன.

நிகழ்த்து கலைக்கு ஒரு வரிசை, கைவினைக்கு இன்னொரு வரிசை என்பது இவற்றின் அமைப்பு. கட்டை செதுக்குபவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அந்த வேலைக்காக அவர் மேடையேறுவதில்லை. அவர் செய்யும் கிரீடம் கடையில் விற்கும் அலங்காரப் பொருளும் அன்று. படுகளச் சிலை செய்பவருக்கோ போட்டிக்கு அனுப்பப் பொருளே மிஞ்சுவதில்லை. பல திறன் கொண்ட வாத்தியாரும் ‘தெருக்கூத்து’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார். அவருடைய பாடல் நினைவும் ஒப்பனை அறிவும் பயிற்றும் திறனும் தனித்தனியே பதிவாவதில்லை.

தொழிற்பகுதியில் கூத்து

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. பின்னர் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் வந்தன. ஷிப்ட் முறையில் வேலை செய்பவர் தொடர்ந்து பல இரவுகள் ஆட்டத்துக்கு வருவது கடினம். ஆள் குறையும் குழுவுக்குப் பல வேடம் தெரிந்தவரே காப்பு.

ஆனால் ஆட்டம் நின்றுவிடாமல் காக்கும் இப்பலதுறைத் திறன், முகவீணையையும் கட்டை வேலையையும் காக்காது. அவற்றைக் கற்க ஆண்டுகள் பல தேவை. ஓய்வு நாளில் மட்டும் பழகி அவை கைவருவதில்லை. நடிகர் பற்றாக்குறை அன்றிரவே தெரியும். கட்டை செய்பவர் இல்லாமல் போனதோ பழைய கிரீடம் உடையும்போதுதான் தெரியவரும்.

எனவே இரண்டில் எது உயர்ந்தது என்பதைவிட, எது முதலில் மறையும் என்பதே கவனிக்க வேண்டியது. மேடையில் தெரியும் பலதுறைக் கலைஞருக்குப் பெயரும் பாராட்டும் கிடைக்க வழியுண்டு. திரைக்குப் பின்னுள்ள தனித்தேர்ச்சியாளரின் பெயர், செய்முறை, மாணவர் விவரம் ஆகியவற்றைப் பதிவு செய்வது அதனினும் அவசரமான பணி. ஊர்த் திருவிழாவுக்குச் செல்லும் மாணவர்கள், அந்தக் கிரீடத்தைச் செய்தவர் யார் என்று கேட்பதிலிருந்தே அதைத் தொடங்கலாம்.